முழங்காலும் குதிகாலும் சேர்ந்து வலித்தால்: வளர்பருவக் கால்பந்து வீரர் ஒருவரின் மீட்புப் பயிற்சி, நிகழ்வு ஆய்வு

வளரும் வயதில் விளையாடும் பிள்ளைகளுக்கு முழங்காலுக்குக் கீழே வலி வந்தால் ஆஸ்குட்-ஷ்லாட்டர், குதிகாலின் பின்புறம் வலி வந்தால் சீவர் என்று பெயர் சொல்லிவிடலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே செய்ய வேண்டியதும் பெரும்பாலானோருக்குத் தெரியும். இரண்டும் ஒரே பிள்ளைக்கு ஒரே சமயத்தில் வரும்போதுதான் சிக்கல். குதிகாலுக்கு இதம் தரும் வழிகளில் சில முழங்காலைச் சீண்டும், முழங்காலைக் காக்கும் வழிகளில் சில குதிகாலை இழுக்கும். அந்தச் சிக்கலை எப்படி அவிழ்ப்பது என்பதே இந்த ஆய்வின் மையம்.

இங்கே வரும் சிறுவன் குறிப்பிட்ட ஓர் ஆள் அல்ல. இத்தகைய பிள்ளைகளிடம் திரும்பத் திரும்பக் காணும் அம்சங்களைச் சேர்த்து, கற்பிப்பதற்காக அமைத்த மாதிரி நிகழ்வு இது. அளவீடுகளும் அப்படி அமைத்தவையே.

வந்த நிலை

வயது 13. நடுக்கள ஆட்டக்காரர், வலது காலால் உதைப்பவர். உயரம் 158 செ.மீ., எடை 45 கிலோ. கடந்த ஆறு மாதத்தில் 4.2 செ.மீ. வளர்ந்திருக்கிறார், ஆண்டுக்கணக்கில் பார்த்தால் 8 செ.மீ.க்கு மேல். ஆண் பிள்ளைகள் மிக வேகமாக வளரும் கட்டம் சராசரியாக 14 வயதை ஒட்டி வருவதால், இவர் அதன் ஏறுமுகத்தில் நிற்கிறார்.

வலியின் வரிசை கவனிக்கத்தக்கது. வலது குதிகால் முதலில், ஐந்து மாதம் முன்பு. அடுத்து இடது குதிகால், லேசாக. கடைசி ஆறு வாரமாக இடது முழங்காலுக்குக் கீழே. உடல் கீழிருந்து மேலாக வளர்கிறது: பாதம் முதலில், பிறகு கால், அதற்குப் பிறகே உடற்பகுதி. குதிகால் வலி 8 வயதிலிருந்தே தலைகாட்டுவதும், முழங்கால் வலி சற்றுத் தாமதித்து வருவதும் இதனோடு ஒத்துப்போகின்றன. முழங்கால் வலி உதைக்கும் காலில் வராமல் ஊன்றும் காலில் வந்திருப்பதும் வியப்பில்லை. ஓடிவந்து பந்தை உதைக்கும் நொடியில் முழு உடலையும் சட்டென்று பிடித்து நிறுத்துவது ஊன்றிய காலின் முன்தொடைத் தசை.

ஐந்து மாதத்தில் இரண்டு முறை முழு ஓய்வு சொல்லப்பட்டிருக்கிறது, தலா மூன்று வாரம். இரண்டு முறையும் ஓய்வில் வலி போனது. திரும்பிய பத்து நாளுக்குள் வந்தது. காரணம் எளிது. மூன்று வாரத்தில் தசையும் தசைநாணும் பலம் இழக்கின்றன, உடல் வளர்ந்துகொண்டே போகிறது, ஆட்டமோ விட்ட இடத்திலிருந்தே தொடங்குகிறது. சுமையைத் தாங்கும் திறன் குறைந்து சுமை மட்டும் அப்படியே நின்றால் வலி திரும்பாமல் என்ன செய்யும்?

எங்கே வலிக்கிறது, ஏன்

முழங்கால் சில்லிலிருந்து இறங்கும் தசைநாண் கீழ்க்கால் எலும்பின் முன்பக்க மேட்டில் ஒட்டுகிறது. பெரியவர்களிடம் அது கெட்டியான எலும்பு. வளர்பருவத்தில் அந்த மேடு, வளர்தட்டு எனப்படும் குருத்தெலும்புத் தட்டு ஒன்றால் கீழ்க்கால் எலும்பிலிருந்து பிரிந்திருக்கும். முன்தொடைத் தசை சுருங்கும் ஒவ்வொரு முறையும் இழுவிசை அந்தத் தட்டில்தான் முடிகிறது. குதிகாலிலும் இதே அமைப்புதான்: பின்புற வளர்தட்டின் மேல், கெண்டைக்காலிலிருந்து வரும் அகில்லெஸ் தசைநாண் மேலே இழுக்க, உள்ளங்காலின் திசுப்பட்டை முன்னே இழுக்க, தரை நேராக மோதுகிறது. ஆகவே குதிகாலுக்கு இழுவையோடு மோதலும் உண்டு. முழங்கால் மேட்டை மண்டியிடும்போது தவிர வேறெதுவும் மோதுவதில்லை. இந்த வேறுபாடு பின்னால் வைத்தியத்தில் பயன்படும்.

முழங்கால் நிலையை 1903இல் பாஸ்டனில் ராபர்ட் ஆஸ்குடும் சூரிச்சில் கார்ல் ஷ்லாட்டரும் தனித்தனியே விவரித்தார்கள். குதிகால் நிலையை 1912இல் ஜேம்ஸ் சீவர் எழுதினார். நூறாண்டைத் தாண்டியும் ‘நோய்’ என்ற ஒட்டு போகவில்லை. பெற்றோரிடம் அந்தச் சொல்லைத் தவிர்ப்பது நல்லது. கேட்டதும் மருந்தும் ஊசியும் எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார்கள்.

பரிசோதனை

முதலில் அபாயக் குறிகளை ஒதுக்க வேண்டும். இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி, காய்ச்சல், காரணமில்லாத எடைக் குறைவு, காலையில் நெடுநேரம் நீடிக்கும் மூட்டு விறைப்பு, விளையாடாத நாளிலும் கூடிக்கொண்டே போகும் வலி, ஓய்விலும் நொண்டல். இவற்றில் ஒன்று இருந்தாலும் வளர்ச்சி வலி என்று முத்திரை குத்தி அனுப்பக் கூடாது. எலும்புக் கட்டி, தொற்று, சிறார் மூட்டழற்சி, குதிகால் எலும்பின் சோர்வு முறிவு ஆகியவை இதே வயதில், இதே இடத்தில் வரக்கூடியவை.

முழங்கால் வலிக்கிறது என்று வரும் எந்த வளர்பருவப் பிள்ளைக்கும் இடுப்பைப் பார்க்காமல் பரிசோதனையை முடிக்கக் கூடாது. தொடை எலும்பின் தலை வளர்தட்டில் வழுக்கும் நிலையில் இடுப்பில் வலியே தெரியாமல் முழங்காலில் மட்டும் வலி தெரியலாம். மல்லாந்து படுக்க வைத்து, இடுப்பையும் முழங்காலையும் 90 பாகைக்கு மடக்கி, தொடையை உள்நோக்கிச் சுழற்றிப் பார்க்க அரை நிமிடம் போதும். சுழற்சி ஒரு பக்கம் குறைந்தாலோ வலித்தாலோ, மடக்கும்போதே தொடை வெளிப்புறமாகத் திரும்பிக்கொண்டாலோ, அன்றே எக்ஸ்ரேயும் எலும்பு மருத்துவரும் தேவை. அதுவரை காலை ஊன்றி நடக்க விடக் கூடாது. இந்தச் சிறுவனுக்கு இரு பக்கமும் 35 பாகை, வலியில்லை.

முழங்காலில் கண்டவை: இடது எலும்பு மேட்டில் புடைப்பு, விரல் நுனியால் அழுத்தினால் சரியாக அந்த ஒரே இடத்தில் வலி. சில்லின் கீழ்முனையில் வலி இல்லை; இருந்திருந்தால் சிண்டிங்-லார்சன்-யோஹான்சன் எனப்படும் அண்டை நிலையை நினைத்திருக்க வேண்டும். மூட்டுக்குள் நீர்க்கோவை இல்லை. கையால் தடுத்துக் காலை நீட்டச் சொன்னபோது வலி 10க்கு 6. நேராக்கிய காலைத் தூக்க முடிகிறது, தளரவில்லை. ஒற்றைக் காலில் 60 பாகை அளவுக்கு உட்காரும்போது வலி 5. கையடக்க விசைமானியில் இடது முன்தொடை பலம் வலதில் 78%. குப்புறப் படுத்து முழங்காலை மடக்கினால் குதிகாலுக்கும் பிட்டத்துக்கும் இடைவெளி இடதில் 14 செ.மீ., வலதில் 8.

குதிகாலில் நம்பத்தக்க சோதனை, பின்புற எலும்பை உள்ளங்கைகளால் இரு பக்கமிருந்தும் பிழிவது. கட்டைவிரலால் குத்தினால் எல்லாருக்குமே வலிக்கும். அகலமான உள்ளங்கையால் மெல்ல ஆரம்பித்து அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். வலதில் 7, இடதில் 4. சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையைவிட்டு எழாமல் முழங்காலால் சுவரைத் தொடும் சோதனையில் வலதுக்கு 7 செ.மீ., இடதுக்கு 8.5. ஒற்றைக் காலில் நின்று குதிகாலை உயர்த்துவது வலதில் 9 முறையோடு நின்றது, இடதில் 16.

ஒற்றைக் காலில் தாவும் சோதனை இன்று வைக்கப்படவில்லை. எரிச்சலில் இருக்கும் வளர்தட்டில் அதைச் செய்து பெறும் எண் எதையும் சொல்லாது. மறுநாள் வலியைத்தான் கூட்டும்.

எக்ஸ்ரேயும் எடுக்கவில்லை. குதிகால் வளர்தட்டு துண்டு துண்டாகவும் வெண்மை கூடியும் தெரிவது வலியே இல்லாத பிள்ளைகளிடமும் சாதாரணம். படத்தைப் பார்த்து சீவர் என்று சொல்ல வழியில்லை. ஆனால் படத்தைப் பார்த்த அப்பா “எலும்பு சிதைஞ்சிருக்கே” என்று பயப்படுவது மட்டும் நிச்சயம். குதிக்கும்போது ‘டப்’ என்று சத்தம் கேட்டிருந்தாலோ, நேராக்கிய காலைத் தூக்க முடியாமல் போயிருந்தாலோ கதை வேறு. அது எலும்பு மேடு பிய்ந்திருப்பதற்கான குறி. உடனே மருத்துவமனை.

வாரக் கணக்கு

பரிசோதனையைவிட அதிக விஷயம் சொன்னது அட்டவணை. கிளப் பயிற்சி வாரம் 4 நாள், தலா 90 நிமிடம். பள்ளி அணி 2 நாள், 60 நிமிடம். உடற்கல்வி வகுப்பு இரண்டு, 40 நிமிடம். ஒரு போட்டி, 70 நிமிடம். ஏழு வாரம் முன்பு வேகம் கூட்டும் தனிப் பயிற்சி ஒன்று சேர்ந்தது: வாரம் 2 நாள், 45 நிமிடம். மொத்தம் 720 நிமிடம், அதாவது 12 மணி நேரம்.

வாரப் பயிற்சி மணிநேரம் பிள்ளையின் வயதைத் தாண்டக் கூடாது என்று ஒரு பரவலான கட்டைவிரல் விதி உண்டு. 13 வயதுக்கு 12 மணி நேரம், விதிப்படி தேர்ச்சி. கடினத்தை 10க்கு மதிப்பிட்டு நிமிடத்தால் பெருக்கும் முறையில் பார்த்தால் வாரச் சுமை 3640இலிருந்து 4360 ஆகியிருக்கிறது, 20% ஏற்றம். கவலைப்படலாம், அதிர வேண்டியதில்லை. ஆனால் குதித்துத் தரையிறங்கும் எண்ணிக்கையை மட்டும் தனியே எண்ணினால் கதை மாறுகிறது. முன்பு வாரம் ஏறத்தாழ 80. தனிப் பயிற்சியில் ஒரு நாளைக்கு 150 வீதம் இரண்டு நாள் 300. ஆக 380, ஏறக்குறைய ஐந்து மடங்கு. மூச்சுக்கும் இதயத்துக்கும் 20% கூடிய அதே வாரத்தில் வளர்தட்டுக்குச் சுமை பல மடங்கு கூடியிருக்கிறது. முழங்கால் வலி தனிப் பயிற்சி தொடங்கிய இரண்டாம் வாரத்தில் வந்ததன் விளக்கம் இதுதான்.

இந்த எண்ணிக்கை எந்த ஒருவரிடமும் முழுமையாக இருக்காது. கிளப் பயிற்சியாளருக்குப் பள்ளி அணி தெரியாது, இருவருக்கும் தனிப் பயிற்சி தெரியாது. முதல் சந்திப்பில் வெள்ளைத்தாளை எடுத்து ஏழு நாளையும் பிள்ளையின் வாயிலிருந்தே எழுதி வாங்குவது, எந்தக் கருவியையும்விட மேலான பரிசோதனை.

ஒன்றுக்கு நல்லது மற்றதற்கு ஆகாது

குதிகால் மட்டும் வலித்திருந்தால் முதல் வேலை ஷூவுக்குள் ஹீல் பேட் எனும் குதிகால் மெத்தை வைப்பது. அது மோதலைத் தணிக்கும், அகில்லெஸ் இழுவையையும் சற்றுத் தளர்த்தும். ஆனால் குதிகாலை உயர்த்தி உட்கார்ந்தால் முழங்கால் விரல்களைத் தாண்டி இன்னும் முன்னே போகும், முன்தொடைத் தசைக்கு வேலை கூடும். மறுபுறம், முழங்கால் மட்டும் வலித்திருந்தால் முன்பாதத்தில் ஊன்றி ஓடச் சொல்பவர்கள் உண்டு. அது முழங்காலின் பங்கைக் குறைத்து, குறைத்ததைக் கெண்டைக்காலுக்கும் அகில்லெஸுக்கும் தள்ளிவிடும். கடன்காரர் ஒருவரிடம் வாங்கி இன்னொருவருக்குக் கட்டுவதுபோல. இரண்டு இடமும் வலிக்கும் பிள்ளைக்குச் சுமையை இடம் மாற்ற இடமே இல்லை. மொத்தத்தைக் குறைத்தே ஆக வேண்டும்.

அதனால் எடுத்த முடிவுகள்: 10 மி.மீ. உயர ஹீல் பேட், இரண்டு ஷூவிலும். வலது குதிகால் அதிகம் வலிக்கிறது என்று ஒரு பக்கம் மட்டும் வைத்தால் கால் நீளத்தில் செயற்கையாக வித்தியாசம் வரும். பேட் நடைக்கும் பள்ளிக்கும் பந்துப் பயிற்சிக்கும் மட்டும். வலுவூட்டும் பயிற்சி எல்லாம் பேட் இல்லாமல் தட்டையான தரையில். ஓட்ட நடையை மாற்ற முயலவில்லை. குதிப்பு முழுக்க நிறுத்தம். ‘விரல் நுனியில் மெதுவாக இறங்கு, முழங்காலை ஆழமாக மடக்கு’ என்ற வழக்கமான அறிவுரை இந்தக் கட்டத்தில் இரு பக்கமும் அடிக்கும்.

காலணியும் பார்க்கப்பட்டது. கால்பந்து ஸ்டட் ஷூக்களில் பெரும்பாலானவற்றில் குதிகாலுக்கு மெத்தையே கிடையாது. கட்டாந்தரையில் நீள ஸ்டட் போட்டால் மோதல் நேரே எலும்புக்குப் போகும். சிறு ரப்பர் குமிழ்கள் கொண்ட தரைக்காலணிக்கு மாற்றியதே குதிகாலின் அன்றாட வலியில் பாதியைக் குறைக்க உதவியது. பேட் வைத்ததும் ஷூவின் பின்விளிம்பு வலிக்கும் எலும்பில் உரசுகிறதா என்று கண்டிப்பாகப் பார்க்க வேண்டும். பேட் போட்ட பிறகு வலி கூடிவிட்டது என்று வருபவர்களிடம் பெரும்பாலும் காரணம் இதுவே.

முதல் நான்கு வாரம்

சிறுவனிடம் சொன்னது இவ்வளவுதான்: “தம்பி, எலும்பு ஒண்ணும் உடையல. வளர்ற இடத்துல இழுப்பு அதிகமாயிருக்கு. ஆட வேணாம்னு சொல்லல, எதை எவ்வளவு ஆடலாம்னு சொல்றோம்.” அம்மாவிடம் கூடுதலாக ஒன்று: வலி 0 முதல் 2 வரை இருந்தால் தொடரலாம், 3, 4 என்றால் அன்றைக்குக் கூட்டக் கூடாது, 5 வந்தால் அந்தப் பயிற்சி நிற்கும். மறுநாள் காலை வலி முந்தைய காலை அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பவில்லை என்றால் நேற்றுச் செய்தது அதிகம், நேற்று வலிக்காமல் இருந்திருந்தாலும்.

காலைச் சோதனை இரண்டு: ஒற்றைக் காலில் 10 முறை குதிகால் உயர்த்தல், ஒற்றைக் காலில் பாதி உட்கார்ந்து 10 நொடி நிற்றல். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், நோட்டில். குதிகாலுக்கும் முழங்காலுக்கும் தனி வரிசை. ஒரே எண்ணாகக் கேட்டால் எது முன்னேறுகிறது, எது பின்வாங்குகிறது என்பது மறைந்துபோகும்.

தனிப் பயிற்சி, பள்ளி அணி, போட்டி மூன்றும் நின்றன. கிளப்பில் வாரம் இரண்டு நாள் 45 நிமிடம், நின்றும் நடந்தும் பாஸ், பந்துக் கட்டுப்பாடு. நீண்ட உதையும் விரைவோட்டமும் இல்லை. அணியோடு மைதானத்தில் இருப்பது இந்த வயதில் மிக முக்கியம். வீட்டில் உட்கார வைக்கப்பட்ட பிள்ளை இரண்டாம் வாரமே ஒளிந்து ஆடத் தொடங்கிவிடும். மற்ற இரண்டு நாள் மிதிவண்டி, 30 நிமிடம், சீட்டைச் சற்று உயர்த்தி.

வலுவூட்டல் அசையாமல் பிடித்து நிற்கும் பயிற்சிகளில் தொடங்கியது. சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்கால் 60 பாகையைத் தாண்டாமல், 30 நொடி வீதம் 5 முறை. வலி 3ஐத் தாண்டினால் 45 பாகைக்கு ஏற வேண்டும். இரு கால்களிலும் குதிகாலை உயர்த்தி அதே 30 நொடி, 5 முறை, சமதரையில். இதைப் படிக்கட்டு விளிம்பில் குதிகாலைத் தொங்கவிட்டுச் செய்யக் கூடாது. பெரியவர்களின் அகில்லெஸ் வலிக்குப் பழகிய பயிற்சி அது. வளர்தட்டில் வலி உள்ள குதிகாலுக்கு அந்தக் கடைசி நீட்டம்தான் பகை. இவற்றோடு இடுப்புப் பாலம் (மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துதல்), பக்கவாட்டு பிளாங்க் (ஒருக்களித்து முழங்கையை ஊன்றி உடலை நேராகப் பிடித்தல்). தினமும் சேர்த்து 15 நிமிடம். அதற்குமேல் கொடுத்தால் யாரும் செய்வதில்லை.

நீட்டல் பயிற்சி கொடுக்கவில்லை. தசை இறுக்கமாக இருக்கிறது, நீட்டிவிடலாம் என்பது உடனே தோன்றும் எண்ணம்தான். ஆனால் எலும்பு வேகமாக நீள, அதோடு தசை ஈடுகொடுக்கத் திணறும் இந்த நாட்களில் முன்தொடையைப் பலமாக இழுத்தால், இழுபடுவது வலிக்கும் அந்த எலும்பு மேடுதான். வலி அடங்கிய பிறகு, ஐந்தாம் வாரத்திலிருந்து மெதுவான நீட்டல் சேர்ந்தது.

ஆட்டத்துக்குப் பிறகு வலித்தால் 10 முதல் 15 நிமிடம் ஐஸ், துணியில் சுற்றி. அது வலியைத் தணிக்கும், நாட்களைக் குறைக்காது. வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடுவது எச்சரிக்கை விளக்கை அணைத்துவிட்டு வண்டி ஓட்டும் காரியம் என்பதால் தடை. முழங்கால் மேட்டில் ஸ்டீராய்டு ஊசி இந்த வயதில் வேண்டவே வேண்டாம். தோல் மெலியும், தசைநாண் பலவீனப்படும்.

நான்காம் வார முடிவில்: வலது குதிகால் பிழிவு 7இலிருந்து 3, கையால் தடுத்துக் காலை நீட்டும்போது முழங்கால் வலி 6இலிருந்து 3.

ஐந்தாம் வாரம் முதல், ஒரு சறுக்கலோடு

எடை சேர்க்கும் கட்டம். ஒருநாள் விட்டு ஒருநாள், வாரம் மூன்று முறை. எடையை நெஞ்சோடு அணைத்து உட்கார்ந்து எழுதல், 8 கிலோவில் தொடங்கி வாரம் 2 கிலோ கூட்டி 16 வரை. இறங்க 3 நொடி, ஏற 3 நொடி, 8 முறை வீதம் 3 செட். ஒரு கால் முன்னே வைத்து இறங்குதல். இடுப்பிலிருந்து குனிந்து எடை தூக்குதல், 10 முதல் 20 கிலோ. பின்தொடையும் பிட்டமும் பலமானால் ஓட்டத்தை நிறுத்தும் வேலையை முன்தொடை தனியே சுமக்க வேண்டியதில்லை. குதிகாலுக்கு இரண்டு காலால் ஏறி ஒற்றைக் காலால் இறங்குதல். கூடவே உட்கார்ந்து, தொடைமேல் எடை வைத்து உயர்த்துதல். முழங்கால் மடங்கிய நிலையில் கெண்டைக்காலின் ஆழத் தசைக்கு வேலை போகும். ஓட்டத்தில் பெரும்பங்கு அதற்குத்தான்.

ஆறாம் வாரத்தில் வலது குதிகால் 3இலிருந்து 6க்கு ஏறியது. முழங்கால் அசையவில்லை. வீட்டுப் பயிற்சியில் மாற்றமில்லை, ஷூ அதேதான், பேட் இருக்கிறது. நோட்டைப் புரட்டியபோது ஏற்றம் செவ்வாய், வியாழன் மறுநாள் காலைகளில் மட்டும் தெரிந்தது. அவை கிளப் நாட்கள். பயிற்சியாளர் சொன்னபடியே விரைவோட்டமும் உதையும் கொடுக்கவில்லை. ஆனால் வார்ம்-அப்பில் எல்லாரோடும் சேர்ந்து கணுக்காலால் துள்ளும் குதிப்பு, 20 வீதம் 3 செட். ஒரு நாளைக்கு 60, வாரம் 120, எல்லாம் விறைத்த கணுக்காலில், முழங்கால் ஏறக்குறைய மடங்காமல். முழங்கால் தப்பியதும் குதிகால் மாட்டியதும் அதனால்தான்.

இது யாருடைய அலட்சியமும் அல்ல. வார்ம்-அப்பைச் சுமையாக யாரும் எண்ணுவதில்லை. அதன்பிறகு பயிற்சியாளருக்குச் சென்ற குறிப்பில் ‘குதிப்பு வேண்டாம்’ என்ற பொதுச்சொல் நீங்கி, ‘வார்ம்-அப் உட்படத் தரையைவிட்டு இரு பாதமும் எழும் எதுவும் இந்த மூன்று வாரம் இல்லை, அந்நேரம் பந்தோடு நடக்கட்டும்’ என்று வந்தது. உடற்கல்வி ஆசிரியருக்கும் அதே குறிப்பு, கயிறு தாண்டலையும் தொடர் ஓட்டத்தையும் பெயர் சொல்லி. வலி பத்து நாளில் பழைய அளவுக்கு இறங்கியது. எடைப் பயிற்சி அந்தப் பத்து நாளும் நிற்கவில்லை. குதிகாலுக்கு மட்டும் அசையாப் பயிற்சிக்குத் திரும்பினோம். ஒரு சறுக்கலுக்கு எல்லாவற்றையும் நிறுத்தி முதலிலிருந்து ஆரம்பிப்பதுதான் முந்தைய இரண்டு ஓய்வுகளும் செய்த தவறு.

குதிப்பும் ஓட்டமும் திரும்பியது

ஒன்பதாம் வாரத்தில் நுழைவுத் தேர்வு வைத்தோம். ஒற்றைக் காலில் குதிகால் உயர்த்தல் இரு பக்கமும் 20 முறை, வலி 2க்குள். இடது முன்தொடை பலம் வலதில் 90% தொட்டது. எலும்பு மேட்டை அழுத்தினால் இன்னும் 2, 3 வலி இருந்தது. அது தடையாக எடுக்கப்படவில்லை. தொட்டால் வலிப்பது கடைசியாகப் போகும் குறி. அது போகட்டும் என்று காத்திருந்தால் ஒரு போட்டிப் பருவமே போய்விடும்.

குதிப்பு வாரம் இரண்டு நாள், நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி. இரு கால்களில் நின்ற இடத்தில் 30, மறுவாரம் 60, அடுத்த வாரம் முன்னோக்கி 60, பிறகே ஒற்றைக் கால், அதுவும் 20இலிருந்து. ஓட்டம் 20 மீட்டர், 70% வேகம், 6 முறை என்று தொடங்கி, முதலில் எண்ணிக்கையும் பிறகு வேகமும் ஏறின. குதிப்பும் வேக ஓட்டமும் ஒரே வாரத்தில் சேர்த்துக் கூட்டப்படவில்லை. கூட்டினால், வலி வரும்போது எதனால் வந்தது என்று சொல்லத் தெரியாது.

ஆட்டத்துக்குள் திரும்பும் வரிசையில் பலர் சறுக்கும் இடம் சிறு மைதான ஆட்டம். நாலுக்கு நாலு, சின்ன இடம், ஓட்டம் குறைவு, ஆகவே லேசானது என்று நினைப்பார்கள். குறைந்த இடத்தில் ஆட்டக்காரர் நொடிக்கொரு முறை நிற்கிறார், திரும்புகிறார். முன்தொடைக்கு அது பெரிய மைதானத்தைவிடக் கனம். இந்தச் சிறுவனுக்கு முதலில் எதிராளி இல்லாத அகலமான பாஸ் ஆட்டம், பிறகு பெரிய இடத்தில் எட்டுக்கு எட்டு, அதற்குப் பிறகே சின்ன இடம். நீண்ட உதை 10இல் தொடங்கி வாரம் 5 கூடியது. தனிப் பயிற்சி அந்தப் பருவம் முழுக்கத் திரும்பவில்லை; வேண்டுமானால் கிளப் நாள் ஒன்றுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளலாம், மேலே சேர்க்க முடியாது என்று பெற்றோரிடம் சொல்லப்பட்டது.

12ஆம் வாரத்தில் அவர் முழு ஆட்டக்காரர் அல்ல. முதல் 20 நிமிடப் போட்டி 14ஆம் வாரம், முழுப் போட்டி 18ஆம் வாரம். இது தாமதமாகத் தோன்றலாம். டென்மார்க்கில் ஆஸ்குட்-ஷ்லாட்டர் உள்ள 51 பேருக்குச் செயல்பாட்டைக் குறைத்து, முழங்காலை வலுவாக்கும் 12 வாரத் திட்டம் கொடுத்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், 12 வாரத்தில் 80% பேர் நல்ல முன்னேற்றம் என்றார்கள். ஆனால் அதே 12 வாரத்தில் விளையாட்டுக்குத் திரும்பியிருந்தவர்கள் 16% தான், ஓராண்டில் 69%. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு அந்த ஆய்வில் இல்லை. அதனால் எவ்வளவு பயிற்சியால், எவ்வளவு காலத்தால் என்று பிரிக்க முடியாது. வலி குறைவதும் ஆட்டத்துக்குத் திரும்புவதும் ஒரே தேதியில் நடப்பதில்லை என்பதை மட்டும் அது தெளிவாகக் காட்டுகிறது. ஆறு வாரத்தில் ஆடலாம் என்று வாக்குக் கொடுப்பவர்கள் கவனிக்கட்டும்.

குதிகால் பக்கம் நிலைமை இன்னும் தாழ்மையைக் கேட்கிறது. 2016இல் வெளியான நெதர்லாந்து ஆய்வொன்றில் வெறுமனே காத்திருந்தவர்கள், ஹீல் பேட் போட்டவர்கள், பிசியோதெரபி பெற்றவர்கள் என மூன்று குழுவும் மூன்று மாதத்தில் முன்னேறின, பெரிய வித்தியாசமில்லாமல். குதிகால் மட்டும் வலிக்கும், போட்டிப் பருவத்தின் நடுவில் இல்லாத பிள்ளைக்கு ஒரு ஹீல் பேடும் சற்றுக் குறைத்த அட்டவணையும் போதும். நீண்ட பயிற்சித் திட்டம் எழுதுவது அதிகப்படி. இந்தச் சிறுவனுக்குத் திட்டம் தேவைப்பட்டது முழங்காலும் சேர்ந்ததாலும், இரண்டு ஓய்வுகளில் பலம் இறங்கியிருந்ததாலும்தான்.

தொடர் கவனிப்பு

30ஆம் வாரத்தில் குதிகால்களில் வலி இல்லை, பேட் எடுத்தாயிற்று. இடது முழங்காலில் மண்டியிட்டால் 2, ஆட்டத்தில் 0 முதல் 1. புடைப்பு அப்படியே இருக்கிறது. அது பெரும்பாலும் நிரந்தரம், தீங்கில்லை. ஆஸ்குட்-ஷ்லாட்டர் வளர்ச்சி முடிந்தால் தானே போய்விடும் என்று எல்லாரும் சொல்வதுபோல் எல்லாருக்கும் போவதில்லை. சிலருக்கு வலி ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். வளர்தட்டு மூடிய பிறகும் தசைநாணுக்குள் பிரிந்து நிற்கும் எலும்புத் துணுக்கு வலித்தால் அறுவை மருத்துவரைப் பார்ப்பதில் அர்த்தமுண்டு. அதற்கு முன்பு பெரும்பாலும் இல்லை.

மாதம் ஒருமுறை உயரம் அளக்கப்படுகிறது: வெறுங்காலில், ஒரே நேரத்தில், ஒரே சுவரில். மாலையில் உயரம் சற்றுக் குறைந்து காட்டும் என்பதால் காலையா மாலையா என்பதை மாற்றக் கூடாது. ஒரு மாதத்தில் 0.6 செ.மீ. தாண்டினால் அந்த மாதம் குதிப்பையும் விரைவோட்டத்தையும் கூட்டக் கூடாது என்பது நாங்கள் வைத்த எல்லை. ஆடிக்கொண்டே இருக்கலாம், ஏற்றக் கூடாது, அவ்வளவுதான். வலுவூட்டல் வாரம் இரண்டு நாளாகக் குறைந்து தொடர்கிறது. வாரத்தில் ஒரு நாள் எந்த விளையாட்டும் இல்லை. தூக்கம் 8 முதல் 10 மணி நேரம். சாப்பாட்டைக் குறைத்து எடையைக் குறைக்கும் யோசனை வளரும் பிள்ளைக்கு வேண்டாம்.

அடுத்த ஓராண்டில் வலது முழங்காலில் இதே வலி தொடங்க வாய்ப்பிருக்கிறது. அப்படி வந்தால் வலி 3ஐத் தொட்ட வாரமே குதிப்பை நிறுத்திவிட்டு வரச் சொல்லியிருக்கிறோம், ஐந்து மாதம் காத்திருக்க வேண்டாம். வீட்டில் எழுதி ஒட்டியிருக்கும் தாளில் அதற்கு மேலே ஒரு வரி உண்டு: குதிக்கும்போது முழங்காலில் திடீரென்று சத்தத்தோடு வலி வந்து காலை நீட்ட முடியாமல் போனாலோ, இரவில் வலி எழுப்பினாலோ, பிசியோவுக்குப் போன் செய்ய வேண்டாம், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.